ஒரு கிளப், ஏழு வெள்ளையர், இரண்டு தென்னிந்தியர்: ஆர்வெல்லின் பர்மா நாவலை எப்படி வாசிப்பது?

பழைய நாவல்களில் கிடக்கும் இனவெறிச் சொற்களைத் திருத்தலாமா, அப்படியே விடலாமா என்ற சண்டை சில ஆண்டுகளாக ஓயவில்லை. 2023 பிப்ரவரியில், ரோல் டால் எழுதிய சிறுவர் கதைகளின் புதிய பதிப்புகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் சொற்கள் மாற்றப்பட்டிருப்பது தெரியவந்தபோது அது உலகச் செய்தியாயிற்று. அந்தக் காலத்து மனிதர் அந்தக் காலத்துப் புத்தியோடுதான் எழுதுவார் என்கிறது ஒரு தரப்பு. அடிபட்டவனுக்கு அந்தக் காலத்திலும் வலிக்கத்தானே செய்தது என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சத்தத்தில், நூலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை நின்றுபோகிறது.

அப்படித் திறந்து பார்க்க மிகவும் ஏற்ற நாவல் ஒன்று உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1934இல் வெளியிட்ட ‘பர்மீஸ் டேஸ்’. ‘விலங்குப் பண்ணை’யையும் ‘1984’ஐயும் படித்த தமிழ் வாசகர்கள் பலர் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தொட வேண்டும். பிரிட்டிஷ் பேரரசின் காக்கிச் சட்டையைப் போட்டுக் கழற்றிய ஒருவர் அந்தப் பேரரசைத் தோலுரித்த நாவல் இது. தென்னிந்தியர் இருவர் இதற்குள் இருக்கிறார்கள் என்பது நமக்கு இன்னொரு காரணம்.

சொல் திருத்தும் சிக்கலை ஆர்வெல்லே சந்தித்தார். 1943 டிசம்பரில் ‘ட்ரிப்யூன்’ இதழில் எழுதிய பத்தியில், தன் நூல் ஒன்றின் மறுபதிப்புக்காகச் சீனரைக் குறிக்கும் ‘சைனாமேன்’ என்ற சொல்லை வரும் இடமெல்லாம் நீக்கி ‘சைனீஸ்’ என்று போட்டதாகச் சொல்கிறார். நூல் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் அந்தச் சொல் கொடிய வசவாகிவிட்டது என்பது அவருடைய விளக்கம். அந்த நூல் 1944இல் பெங்குவின் பதிப்பாக வந்த ‘பர்மீஸ் டேஸ்’. அந்தச் சொல்லை மாற்றிய அவர், தென்னிந்தியர் ஒருவர்மீது வைத்திருந்த ஓர் உவமையை அப்படியே விட்டுவிட்டார். அதை உரிய இடத்தில் பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

ஏகாதிபத்தியம் என்பது, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மண்ணையும் உழைப்பையும் வரியையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. படை, சட்டம், வணிகம் மூன்றும் கைகோத்தால்தான் அது நிற்கும். அந்த ஏற்பாடு ஓர் ஊரில் அன்றாட வாழ்க்கையாகப் படிந்து போவதைக் காலனியம் என்கிறோம்: எந்த நாற்காலியில் யார் உட்காரலாம், யார் யாரை எப்படிக் கூப்பிடலாம், எந்த வாசலில் யார் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பவையெல்லாம் அதில் அடங்கும். இனவாதம் என்பது இவை இரண்டுக்கும் சொல்லப்படும் நியாயம். பிறப்பையும் தோல் நிறத்தையும் காட்டி, ஆளப் பிறந்தவர் ஒரு வகை, ஆளப்படப் பிறந்தவர் இன்னொரு வகை என்று நம்ப வைப்பது.

தமிழில் இதற்கெல்லாம் ஒரே சொல் இருந்தது: துரை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சில் அரசாங்கத்துக்கே ‘துரைத்தனம்’ என்றுதான் பெயர். ஆட்சி என்பது ஒரு மனிதரின் தோரணையாகவே மக்கள் காதில் விழுந்திருக்கிறது. இந்த நாவல் அந்தத் தோரணைக்குள் கையை விட்டுத் துழாவுகிறது.

பர்மா எப்படிக் கைமாறியது

பர்மாவைப் பிரிட்டன் மூன்று போர்களில் விழுங்கியது. 1824 முதல் 1826 வரை நடந்த முதல் போரில் அரக்கானும் தெனாசரிமும் போயின. மதராஸ் படையின் சிப்பாய்கள் பெருமளவில் அங்கே அனுப்பப்பட்டார்கள். 1852இல் கீழ்ப் பர்மா போயிற்று. 1885 நவம்பரில் மூன்றாவது போர், சில வாரங்களில் முடிந்துவிட்டது.

மூன்றாவது போருக்குச் சொல்லப்பட்ட காரணம் தேக்கு. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வெட்டிய மரத்துக்குச் சரியாகப் பணம் கட்டவில்லை என்று தீபா மன்னரின் அரசவை அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்துப் படை மாண்டலேவுக்குள் நுழைந்தது. மன்னரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி, சில மாதங்கள் சென்னையில் வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். 1886 முதல் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இல்தான் பிரிந்தது. நாவலின் நாயகன் ஒரு தேக்கு வியாபாரியாக இருப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் அந்த நாடு பிடிக்கப்பட்டது.

போலீஸ் அதிகாரி எழுதிய நாவல்

ஆர்வெல்லின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903இல் பீகாரின் மோத்திஹாரியில் பிறந்தார். தந்தை அரசின் அபினித் துறையில் அதிகாரி. தாயின் குடும்பம் பர்மாவின் மோல்மேனில் மர வணிகம் செய்தது. பேரரசின் இரண்டு பெரும் வரவுகளான அபினியும் தேக்கும் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டன. 1922இல், பத்தொன்பது வயதில், இந்திய இம்பீரியல் போலீசில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். கடைசியாகப் பணியாற்றிய ஊர் ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள கத்தா. 1927இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றவர் வேலையை விட்டுவிட்டார். நாவலில் வரும் சௌக்தாடா என்ற ஊர் கத்தாவின் சாயல்தான்.

நூலை அச்சிட லண்டனில் தயங்கினார்கள். பர்மாவில் இருக்கும் உண்மையான ஆட்கள் அவதூறு வழக்குப் போடுவார்களோ என்ற பயம். அதனால் 1934இல் நியூயார்க்கில்தான் முதலில் வந்தது. 1935இல் விக்டர் கொலன்ஸ் லண்டன் பதிப்பைக் கொண்டுவந்தபோது பாத்திரங்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. டாக்டர் வீராசாமி, ‘மூர்க்கசாமி’ ஆனார். வடக்கே அந்தப் பெயர் மூடன் என்று கேட்கும், நமக்கு முரடன் என்று கேட்கும். நாவல் முழுவதும் ஓர் ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர் அவர்.

கிளப் என்னும் கோட்டை

சௌக்தாடாவின் மக்கள்தொகை சுமார் 4,000. அதில் இந்தியர் இருநூறு பேர், சீனர் சில பத்துப் பேர், ஐரோப்பியர் ஏழு பேர். வெள்ளைத் தந்தைக்கும் ஆசியத் தாய்க்கும் பிறந்த இருவரும் உண்டு. ஆனால் அவர்களை எந்தப் பக்கமும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஏழு பேரின் கிளப் ஒரு சாதாரண மரக்கட்டடம். ஆனால் எந்த ஊரிலும் ஆங்கிலேய அதிகாரத்தின் உண்மையான இருப்பிடம் ஐரோப்பியர் கிளப்தான் என்கிறது நாவல். பர்மாவின் கிளப்புகளில், ஆசியர் ஒருவரைக்கூட உறுப்பினராகச் சேர்க்காமல் இருப்பதில் சௌக்தாடா கிளப்புக்குத் தனிப் பெருமை. 1919 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு காலம் மாறுகிறது. 1923இல், சில துறைகளை உள்நாட்டு அமைச்சர்களிடம் விடும் இரட்டையாட்சி முறை பர்மாவுக்கும் வந்துவிட்டது. உள்நாட்டு அதிகாரி ஒருவரையாவது சேர்த்துக்கொள்வது பற்றி யோசியுங்கள் என்று துணை ஆணையர் மெக்ரிகர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுகிறார். மொத்தக் கதையும் அந்தத் தாளில் தொடங்குகிறது.

அந்த ஒரே இடத்துக்கு இருவர். ஒருவர் டாக்டர் வீராசாமி, அரசு மருத்துவர், சிறைக் கண்காணிப்பாளர். இன்னொருவர் ஊ போ சின், உட்பிரிவு மாஜிஸ்திரேட், பர்மியர். சிறு பையனாக மாண்டலே வீதியில் நின்று ஆங்கிலப் படை நுழைவதைப் பார்த்தபோதே, இவர்களை எதிர்க்க முடியாது, ஒட்டிக்கொண்டுதான் பிழைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர். டாக்டரை ஒழிக்க அவர் மொட்டைக் கடிதங்கள் எழுதச் செய்கிறார், பொய்யாக ஒரு கலகத்தை மூட்டிவிட்டுத் தானே அடக்குகிறார். டாக்டருக்கு இருக்கும் ஒரே பிடிமானம் மர வியாபாரி ஃப்ளோரியின் நட்பு.

பேரரசைப் பற்றி நாவல் சொல்வது

ஃப்ளோரி வாரந்தோறும் டாக்டரின் வராந்தாவில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டே பேரரசைத் திட்டுகிறான். டாக்டர் பதறிப்போய் அதைத் தாங்கிப் பேசுகிறார். ஆங்கிலேயர் தாக்க, இந்தியர் தடுக்கும் இந்தத் தலைகீழ் விவாதத்தில் நாவலின் அரசியல் முழுவதும் வந்துவிடுகிறது. அதை இப்படி வரிசைப்படுத்தலாம்.

1. அடிப்படை நோக்கம் கொள்ளை. அதிகாரி பர்மியனை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறான், வியாபாரி அவன் பையைத் துழாவுகிறான் என்கிறான் ஃப்ளோரி. தன் தேக்குத் தொழிலும் நாட்டை ஆங்கிலேயர் பிடித்து வைத்திருப்பதால்தான் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறான். இது வெறும் வசை அல்ல. இந்தியா ஒரு காலத்தில் மஸ்லின் நெய்தது, கடலோடும் கப்பல் கட்டியது, ஐரோப்பாவுக்கு நிகராகப் பீரங்கி வார்த்தது, இவையெல்லாம் நூற்றைம்பது ஆண்டு ஆட்சிக்குப் பிறகு எங்கே போயின என்று கேட்கிறான். 1930களில் ஓர் ஆங்கில நாவலுக்குள் இந்தக் கேள்வி இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் சுதேசி இயக்கம் கேட்ட அதே கேள்வி இது.

2. கொள்ளையைவிட அதை மூடும் பொய் கொடியது. திருடுகிறோம் என்று சொல்லிவிட்டுத் திருடினால்கூடத் தாங்கலாம், உங்களைக் கரையேற்றத்தான் வந்தோம் என்ற பொய், சொல்பவனையே அரிக்கிறது என்பது ஃப்ளோரியின் வாதம். டாக்டர் வராந்தாவிலிருந்து கை நீட்டி மருத்துவமனையையும் பள்ளியையும் காவல் நிலையத்தையும் காட்டி, பாருங்கள் முன்னேற்றத்தை என்கிறார். ஃப்ளோரிக்கு வேறொரு காட்சி தெரிகிறது: இருநூறு ஆண்டில் இந்தக் காடும் கிராமமும் விகாரையும் போய், மலை நெடுகிலும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பு வீடுகள், எல்லா வீட்டிலும் கிராமபோனில் ஒரே பாட்டு, காடெல்லாம் செய்தித்தாள் கூழாகவும் கிராமபோன் பெட்டியாகவும் ஆகியிருக்கும். மரம் வெட்டிப் பிழைப்பவன் வாயிலிருந்து இது வருகிறது.

3. ஆள்பவனுக்கும் வாய்ப்பூட்டு உண்டு. அசல் துரைக்கு ஐந்து கட்டளைகள் என்று நாவல் பட்டியலிடுகிறது: மதிப்பைக் காப்பாற்று, இறுக்கிப் பிடி, வெள்ளையர் நாம் ஒன்றாக நிற்க வேண்டும், இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள், குழு உணர்வு. இவற்றை மீறி வாய் திறந்தால் சொந்த ஆட்களே ஒதுக்கிவிடுவார்கள். டாக்டரைச் சேர்க்கக் கூடாது என்று கிளப்பில் ஒரு தாள் நீட்டப்படும்போது, அந்த டாக்டரின் வராந்தாவில் காலை நீட்டிப் பீர் குடித்த ஃப்ளோரி கையெழுத்துப் போடுகிறான். மறுக்க வேண்டிய சின்னத் துணிச்சல் அவனிடம் இல்லை என்று நாவல் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

4. உயிருக்கும் நிறத்தைப் பார்த்து விலை. பர்மாவில் ஆண்டுக்கு எண்ணூறு பேர் கொலையானாலும் அது ஒரு பொருட்டல்ல, ஒரு வெள்ளையர் கொலையானால் அது தெய்வக் குற்றம் என்று கதைசொல்லி எழுதுகிறார். வன அதிகாரி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதும் கிளப் கொதிக்கிறது. அந்த ஆத்திரத்தில் எல்லிஸ் என்ற மர நிறுவன மேலாளர், வழியில் எதிர்ப்பட்ட பள்ளிச் சிறுவன் ஒருவனின் கண்ணில் பிரம்பால் அடிக்கிறான். பையன் பார்வை இழக்கிறான். இதே கிளப்பில்தான் அமிர்தசரஸ் படுகொலையை நடத்திய டயருக்காக அனுதாபப்படும் பேச்சும் நடக்கிறது. அது நடந்து பத்து ஆண்டு ஆகாத காலம்.

இருபது பவுண்டு ஐஸ்

நாவலின் தொடக்கப் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. மேலே சொன்ன நான்கையும்விட அது எனக்குக் கனமாகத் தெரிகிறது.

கிளப்பின் பட்லர் ஒரு திராவிடர் என்கிறது நாவல். எல்லிஸ் அவரிடம் ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறான். சுமார் இருபது பவுண்டு இருக்கிறது, இன்றைக்கு மட்டும்தான் வரும், ஐஸைக் குளிர்ச்சி குறையாமல் வைத்திருப்பது இப்போது எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது என்று பட்லர் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். எல்லிஸ் வெடிக்கிறான். அகராதியை விழுங்கிவிட்டாயா? ‘ப்ளீஸ் மாஸ்டர், கான்ட் கீப்பிங் ஐஸ் கூல்’ என்றுதான் நீ பேச வேண்டும். இவன் ரொம்ப நன்றாக ஆங்கிலம் பேசினால் வேலையை விட்டு நீக்க வேண்டியதுதான். காதில் விழுகிறதா? ‘எஸ், மாஸ்டர்’ என்கிறார் பட்லர். போய்விடுகிறார்.

எல்லிஸ் சொல்லிக்கொடுக்கும் அந்த உடைந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, ‘பட்லர் இங்கிலீஷ்’ என்பதை மதராஸ் மாகாணத்து வேலைக்காரர்களின் உடைந்த ஆங்கிலம் என்று பதிவு செய்கிறது. ‘ஐ டெல்லிங்’ என்றால் ‘சொல்வேன்’, ‘ஐ டன் டெல்’ என்றால் ‘சொல்லிவிட்டேன்’. எல்லிஸ் கேட்கும் ‘கீப்பிங்’ இதே அச்சுதான்.

நாம் இன்றைக்கும் ஒருவரின் ஆங்கிலத்தைக் கேலி செய்ய ‘பட்லர் இங்கிலீஷ்’ என்கிறோம். கற்கத் தெரியாததால் வந்த பிழை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் காட்சியில் நடப்பது வேறு. கற்றுக்கொண்ட ஒருவர் பேச, பிழையோடு பேசு என்று கட்டளை வருகிறது. துரை பேசும் மொழியை வேலைக்காரர் அதே செம்மையோடு பேசிவிட்டால், துரையின் உயரத்துக்கு இருக்கும் சாக்கு ஒன்று குறைகிறது. அதனால் அவர் வாயை உடைத்தே வைத்திருக்க வேண்டும். இனவாதம் என்பது மனசுக்குள் இருக்கும் வெறுப்பு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம். தாழ்வை நாள்தோறும் கையால் உருவாக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு கூர்மையாக இதைப் பிடித்த ஆர்வெல், அதே பட்லரை எப்படி அறிமுகம் செய்கிறார்? கறுத்த, பருத்த திராவிடர், நாயின் கண்களைப் போல ஈரமான, மஞ்சள் விழிகள் கொண்டவர் என்று. இதைச் சொல்வது எல்லிஸ் அல்ல. கதைசொல்லி.

டாக்டரின் சந்தா

1835இல் மெக்காலே, ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராகவும், ரசனையிலும் கருத்திலும் ஆங்கிலேயராகவும் இருக்கும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். வீராசாமி அந்தக் குறிப்பு பெற்ற பிள்ளை. தென்னிந்தியாவில் தமிழரும் தெலுங்கரும் வைத்துக்கொள்ளும் பெயர் அவருடையது. எமர்சன், கார்லைல், ஸ்டீவன்சன் வகைக் கட்டுரை நூல்களை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். படிக்கும் நூலில் நீதி இருக்க வேண்டும் அவருக்கு. ஆங்கிலேயர் உயர்ந்தவர், கீழைத் தேயத்தார் தாழ்ந்தவர் என்பதை மனதார நம்புகிறார். ஆள்பவர் சொன்ன தரவரிசையை ஆளப்படுபவர் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும் இந்த நிலைக்கு, 1952இல் உளமருத்துவரான ஃப்ரான்ஸ் ஃபானோன் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில் முழு விளக்கம் எழுதினார். ஆர்வெல் அதற்குப் பல ஆண்டு முன்பே ஆளைக் காட்டிவிட்டார்.

ஆனால் டாக்டரை ஏமாளி என்று ஒதுக்குவது தவறு. அவர் ஏன் கிளப்பில் சேர விரும்புகிறார் என்று கவனியுங்கள். சேர்த்துக்கொண்டால் நான் அங்கே வரவே மாட்டேன், சந்தாவை மட்டும் கட்டுவேன், அதுவே எனக்குப் போதும் என்கிறார். அவருக்கு வேண்டியது நாற்காலி அல்ல, கேடயம். மதிப்பு என்பது பாரமானி மாதிரி, நீங்கள் என் வீட்டுக்குள் நுழைவதை யாராவது பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாதரசம் அரைப் பாகை ஏறுகிறது என்று ஃப்ளோரியிடம் சொல்கிறார். வெள்ளையரின் நட்பு இருக்கும்வரை ஊ போ சின்னின் மொட்டைக் கடிதம் பலிக்காது, நட்பு போனால் எந்தப் பொய்யும் உண்மையாகிவிடும். சான்றும் விசாரணையும் இல்லாத ஆட்சியில் வாழும் ஒருவரின் துல்லியமான கணக்கு இது. அவர் கணக்குத் தப்பவும் இல்லை. ஃப்ளோரி இறந்ததும் அவர் பதவி இறக்கப்பட்டு மாண்டலேவுக்கு மாற்றப்படுகிறார்.

ஏகாதிபத்தியம் எப்படிச் சிலரைக்கொண்டு பலரை ஆள்கிறது என்பதற்கு இந்த இருவரின் போட்டி நல்ல விளக்கம். ஏழு வெள்ளையர் நாலாயிரம் பேரை ஆள முடிவது, ஒரு நாற்காலிக்காக ஓர் இந்தியரும் ஒரு பர்மியரும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதால்தான். நாற்காலியை உள்ளே போட வேண்டிய அவசியம்கூட இல்லை, போடலாம் என்று ஒரு தாளை ஒட்டினால் போதும்.

கதைசொல்லி நிற்கும் இடம்

இங்கேதான் நாவலை அளக்க வேண்டும். 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக உரை ஒன்றில் ஜோசப் கான்ராடின் ஆப்பிரிக்க நாவலை இனவாத நூல் என்று குற்றம் சாட்டினார். ஒரு கண்டத்தையே ஐரோப்பிய மனம் ஒன்று நொறுங்குவதற்கான மேடையாக ஆக்கிவிட்டு, அங்கு வாழும் மக்களைப் பின்னணியாக நிறுத்தியது அவர் கண்ட குற்றங்களில் முக்கியமானது. பேரரசைக் கண்டிக்கும் நூலும் இனவாத நூலாக இருக்க முடியும் என்பதை அந்த உரை உலகத்துக்குக் காட்டியது.

அதே கேள்வியை இங்கே வைத்தால்:

1. உள்ளம் யாருக்கு இருக்கிறது? பக்கம் பக்கமாக நாம் வாழ்வது ஃப்ளோரியின் மனதுக்குள். அவன் கன்னத்து மச்சம், தனிமை, எலிசபெத் என்ற ஆங்கிலப் பெண்மீது அவனுக்குள்ள ஏக்கம் எல்லாம் தெரியும். ஊ போ சின்னுக்குத் தந்திரம் கிடைத்திருக்கிறது, மனப்போராட்டம் கிடைக்கவில்லை. பட்லருக்குப் பெயரே கிடைக்கவில்லை.

2. உவமை யாருக்கு எதிலிருந்து வருகிறது? பட்லருக்கு நாய். ஃப்ளோரி 300 ரூபாய்க்குப் பெற்றோரிடமிருந்து வாங்கி வைத்திருக்கும் மா லா மேவுக்குப் பொம்மை. ஃப்ளோரி அவளை விரட்டுவதும், அவள் தேவாலயத்துக்குள் வந்து எல்லார் முன்னாலும் கத்துவதும் அவனுடைய அவமானமாகவே நமக்குச் சொல்லப்படுகின்றன. அவள் பக்கத்துக் கணக்கு என்ன என்று நாவல் நின்று கேட்பதில்லை. பேரரசு திருட்டு என்று சொல்பவனின் வீட்டுக்குள்ளேயே விலைக்கு வாங்கிய பெண் இருக்கிறாள் என்ற முரணைக் காட்டும் அளவுக்கு நேர்மை இருக்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணால் ஒரு பக்கமாவது பார்க்கும் அளவுக்கு இல்லை.

3. மொழி யாருடையது? டாக்டரின் ‘ஸ்’ ஒலி சீறுவதை எழுத்திலேயே காட்டுகிறார் ஆர்வெல். ‘இஸ்’ என்று அவர் சொல்லும் இடத்திலெல்லாம் ஓர் எழுத்து கூடுதலாக விழுகிறது. எல்லிஸ் பட்லரிடம் அதட்டிக் கேட்டதை, இவரிடம் கதைசொல்லி மெதுவாகச் செய்கிறார்.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள்: ஃப்ளோரியின் கண்ணில் படுவதைத்தானே கதைசொல்லி எழுதுகிறார் என்று. சில இடங்களில் அது பொருந்தும். பட்லரின் அறிமுகம் அப்படி யாருடைய பார்வை வழியாகவும் வராமல், கதைசொல்லியின் சொந்த விவரணையாக வருகிறது. நாவலின் அறிவு கிளப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. அதன் கண் இன்னும் கிளப் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் தீர்ப்பு.

நாவலுக்கு வெளியே இருந்த தமிழர்

இருவரை மட்டும் வைத்துத் தென்னிந்தியரின் பர்மாவை அளந்துவிட முடியாது. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகக் கூலிகள், ஆலைத் தொழிலாளர், எழுத்தர், சமையல்காரர், அவர்களோடு ‘கொண்டுவிற்க’ப் போன நகரத்தார். ஐராவதிப் படுகையின் நெல் விவசாயம் செட்டியார்களின் கடனில்தான் பெருகியது. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதமாயிற்று. பர்மிய விவசாயியின் கண்ணுக்கு எட்டிய முகம் துரையின் முகம் அல்ல, அவன் கோபமும் எட்டிய இடத்தில்தான் விழுந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகத் தப்பி ஓடியதையும், வழியில் மடிந்ததையும் நம் குடும்பங்கள் பல இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன.

ஆர்வெல்லின் கதை மேல் பர்மாவின் சின்ன ஊரில் நடப்பதால் இவை அதற்குள் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாம் வாசிக்கும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏகாதிபத்தியத்தின் கீழ் நாம் அடிபட்டவர்கள் மட்டும் அல்ல. பர்மாவில், மலாயாவில், வேறு இடங்களில் அதன் நடுப்படிக்கட்டிலும் நின்றிருக்கிறோம். வீராசாமியைப் பார்த்து வரும் சங்கடத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்தினால் என்ன ஆகும்?

‘சைனாமேன்’ என்பதை ஆர்வெல் மாற்றியது சரி. ஒரு சொல் வசவாகிவிட்டால், உயிரோடு இருக்கும் ஆசிரியர் தன் வாயிலிருந்து அதை எடுத்துவிடலாம். ஆனால் நாய்க் கண்ணையும் பொம்மை முகத்தையும் இன்று வேறொருவர் எடுத்தால், பேரரசை இவ்வளவு வெறுத்த மனிதருக்குள்ளும் அந்தப் பார்வை எவ்வளவு ஆழத்தில் தங்கியிருந்தது என்பதற்கான சான்று போய்விடும். எல்லிஸின் வசவுகளை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம், கிளப் ஒரு நல்ல இடமாகிவிடும். சொற்களை விட்டுவைத்து, அவற்றை யார் சொல்கிறார், பாத்திரமா கதைசொல்லியா என்று வரிவரியாகக் கேட்டுப் படிக்கும் பழக்கத்தை மாணவருக்குத் தர வேண்டும். அது அச்சகத்தில் முடிகிற வேலை அல்ல, வகுப்பறையில் ஆசிரியர் செய்ய வேண்டியது.

நாவலின் கடைசிப் பக்கங்களில் டாக்டர் ஒருமுறை தலைகாட்டுகிறார். நண்பன் தற்கொலை செய்துகொண்டதை மறைத்து, துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று பதிவு செய்த பிறகு, மாண்டலேவில் மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே ஒரு சிறு வீட்டில் குடியிருக்கிறார். அங்கே ஒரு இரண்டாந்தரக் கிளப்பில் சேர்ந்துவிட்டார். அந்தக் கிளப்பின் ஒரே பெருமை அதில் ஒரு வெள்ளையர் உறுப்பினர் என்பது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட கிளாஸ்கோ எலெக்ட்ரீஷியன், விஸ்கியையும் எந்திரத்தையும் தவிர வேறு பேச்சில்லாதவர். வெள்ளையர் ஒருவர் மந்தமாக இருக்க முடியும் என்பதை டாக்டரால் நம்ப முடியவில்லை. ஏறக்குறைய எல்லா இரவும் அவர் அருகில் போய் உட்கார்ந்து, பண்பட்ட உரையாடல் ஒன்றைத் தொடங்கிப் பார்க்கிறார்.